சமத்துவமும் விதிவிலக்கும்: இலங்கை அரசியல் யாப்புகளில் பெண்ணின் உரிமை

இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளை எடுத்துரைப்பது. அவ்வத்தியாயத்தின் 12 ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்னும் ஏழு காரணங்களுள் எதனைக் கொண்டும் பிரசை எவரும் பாரபட்சத்துக்கு உட்படுத்தப்படலாகாது என்கின்றது. அதே அத்தியாயத்தில் நான்கு உறுப்புரைகள் தள்ளி வரும் 16 ஆம் உறுப்புரையோ, யாப்பு நடைமுறைக்கு வந்த நாளில் நிலவிய சட்டங்கள் யாவும், அவை எழுதப்பட்டவையாயினும் எழுதப்படாதவையாயினும், முற்கூறிய உரிமைகளோடு முரண்பட்டபோதிலும் செல்லுபடியாகும் என்கின்றது. முன்னையதை வாசித்து மகிழ்ந்த பெண்ணொருத்தி பின்னையதையும் வாசிப்பாளாயின், தன் மகிழ்ச்சிக்கு எல்லை எங்கே இடப்பட்டுள்ளது என்பதை உடனே உணர்ந்துகொள்வாள்.

இவ்விரு உறுப்புரைகளும் ஒரே ஆவணத்தில் அருகருகே அமர்ந்தது தற்செயலன்று. பெண்ணை வாக்காளராகவும் அரச ஊழியராகவும் ஏற்றுக்கொள்ள இந்நாட்டின் ஆளும் வர்க்கம் ஒப்புக்கொண்டதும், மனைவியாகவும் மகளாகவும் தாயாகவும் அவள் நிற்குமிடத்தில் அவளது நிலையை மாற்ற ஒப்புக்கொள்ளாததுமாகிய ஒரு நீண்ட வரலாற்றின் விளைவே அது. 1980 களில் ஈழத்துத் தமிழில் பரவலாக வழங்கத் தொடங்கிய பெண்ணிலைவாதம் என்னும் சொல், இவ்விரண்டாவது நிலையையே முதன்மையாகக் கேள்விக்கு உட்படுத்தியது. யாப்போ வீட்டின் படலையுடன் நின்றுவிட்டது. அது ஏன் அங்கு நின்றது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1931 இல் இலங்கைப் பெண்கள் பெற்ற வாக்குரிமை கேளாமல் வந்த கொடை என்று கூறுவோர் உளர். டொனமூர் பிரபு தந்துவிட்டுப் போனார் என்பது பாடப்புத்தக வழக்கு. உண்மை அத்துணை எளிதன்று. 1924 ஆம் ஆண்டு யாப்பின்கீழ் நாட்டு மக்களுள் ஏறத்தாழ 4 வீதத்தினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். அவர்கள் யாவரும் சொத்தும் கல்வியும் உடைய ஆண்கள். 1927 நவெம்பரில் டொனமூர் ஆணைக்குழு கொழும்பை வந்தடைந்தது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. டயஸ் பண்டாரநாயக்க சீமாட்டி அதன் தலைவியாகவும் அக்னஸ் டி சில்வா செயலாளராகவும் விளங்கினர். அச்சங்கத்தார் பெரும்பாலும் கொழும்பின் செல்வக் குடும்பத்தினர். அவர்கள் முதலிற் கேட்டதும் கல்வியும் சொத்தும் உள்ள பெண்களுக்கான வரையறுக்கப்பட்ட வாக்குரிமையே.

ஆணைக்குழு முன்னிலையில் அவர்கள் சாட்சியமளித்தபோது நிகழ்ந்த உரையாடல் ஒன்றை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தனா எடுத்துக்காட்டியுள்ளார். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே, ஆகவே எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்னும் கருத்துப்பட அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். சொத்துள்ளோருக்கான கோரிக்கையுடன் உள்ளே சென்றவர் சர்வசன வாக்குரிமைக் கோரிக்கையுடன் வெளியே வந்தார் எனலாம். அக்காலத்து ஆண் தலைவர்களுள், ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்கட்சியினரை விலக்கி நோக்கின், இத்துணைத் தூரம் செல்லத் துணிந்தவர் மிகச் சிலரே. இந்த விடையையும் அது குறிப்பிட்ட பெண்ணையும் நாம் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும். இருபது ஆண்டுகளின் பின்னர் அவள் மீண்டும் வருவாள்.

தமிழர் பக்கத்து நிலைமை சிக்கலானது. 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் முன்னணியில் நின்றார். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக்கப்பட்டமை பற்றிய அவரது அச்சம் காரணமற்றது என்று எவரும் கூறார். ஆயினும் அவரது எதிர்ப்பு அத்துடன் நிற்கவில்லை. கல்வியற்ற வறியவரிடமும் பெண்களிடமும் வாக்கை ஒப்படைப்பதையே அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பெண்ணுக்குக் கல்வி கொடுக்கலாம், அதிகாரம் கொடுக்கலாகாது என்னும் நிலைப்பாடு நாவலர் மரபிற் பயின்ற யாழ்ப்பாணத்து மேற்குடியினரிடையே அன்று அரிதன்று. மறுபுறத்தில், 1920 களில் ‘தமிழ்மகள்’ என்னும் இதழை நடத்திய மங்களம்மாள் மாசிலாமணியும், தோட்டத் தொழிலாளரிடையே பாட்டாலும் பேச்சாலும் கிளர்ச்சி செய்த மீனாட்சி அம்மாள் நடேசையரும் அதே தமிழ்ச் சமூகத்தினரே. நமது வரலாற்று நூல்கள் முன்னவருக்கு அத்தியாயங்களையும் பின்னவர்களுக்கு அடிக்குறிப்புகளையும் ஒதுக்கியுள்ளன.

ஆணைக்குழு ஆண்களுக்கு 21 வயதும் பெண்களுக்கு 30 வயதும் என விதந்துரைத்தது. 1918 இல் பிரித்தானியா தன் பெண்களுக்கு விதித்த அளவுகோலே அது. ஆயின் 1928 இல் அந்நாடு தன் சட்டத்தைத் திருத்தி இருபாலாரையும் சமமாக்கியது. இலங்கைக்கும் 21 வயதே இருபாலாருக்கும் பொதுவாயிற்று. 1929 டிசெம்பரில் சட்டநிரூபண சபை டொனமூர்த் திட்டத்தை 19 இற்கு 17 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. இரண்டே வாக்குகள். ஆசியாவிலிருந்த பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுள் முதன்முதலிற் சர்வசன வாக்குரிமை பெற்றது இலங்கை என்று நாம் பெருமை பேசும்பொழுது இவ்விரு வாக்குகளையும் எண்ணிப் பார்ப்பது நன்று.

1931 யூனில் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணப் பெண்கள் வாக்களிக்கவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு, பூரண சுயராச்சியம் வழங்காத யாப்பு என்று கூறித் தேர்தலைப் பகிட்கரிக்க அறைகூவியது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. பகிட்கரிப்பின் இலட்சியத்தை இங்கு மதிப்பிடுவது நம் நோக்கமன்று. தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கிடைத்த வாக்கைப் பயன்படுத்தலாமா என்பது பற்றி அப்பகுதிப் பெண்களிடம் எவரேனும் தனியே வினவினரா என்பது மட்டும் கேட்கத்தக்கது. அதேவேளை கொழும்பில் வேறொன்று நிகழ்ந்தது. 1931 நவெம்பரில் அடலின் மொலமூறே தம் தந்தையாரின் மறைவால் வெறுமையான றுவன்வெல்லைத் தொகுதியில் வென்று முதற் பெண் உறுப்பினரானார். 1932 மே மாதத்தில் நேசம் சரவணமுத்து, தேர்தல் மனுவினாற் பதவியிழந்த தம் கணவரின் கொழும்பு வடக்குத் தொகுதியில் வெற்றிபெற்றார். அரசாங்க சபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவரே. 1936 இலும் அத்தொகுதி அவரையே தெரிந்தெடுத்தது. தந்தையின் ஆசனம், கணவனின் ஆசனம் என்னும் இவ்வழக்கு இலங்கை அரசியலில் நெடுங்காலம் நீடித்தது. 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமர் வந்ததும் அவ்வாசலால்தான்.

1947 ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பிற் பெண்களைப் பற்றி எதுவுமில்லை. அதன் 29 ஆம் பிரிவு சமூகங்களையும் மதங்களையும் பாரபட்சத்தினின்று காக்க முற்பட்டது. பால் என்னும் சொல் அங்கு இடம்பெறவில்லை. அப்பிரிவு எதனைக் காத்தது என்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் அகற்றின. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஆணைக்குழுவின் முன் பெயர் சொல்லாமற் குறிப்பிடப்பட்ட அந்தத் தோட்டத்துப் பெண், 1931 இற் பெற்றதை இவ்வாறு இழந்தாள். இலங்கைப் பெண்கள் 1931 முதல் வாக்களித்து வருகின்றனர் என்னும் வாக்கியத்தை எழுதும் எவரும், கொழுந்து பறித்த பெண்ணை அதிலிருந்து கழித்தே எழுதுகின்றனர். மலையக மக்களின் நாடற்ற நிலையை முற்றாக முடிவுறுத்த முனைந்த சட்டங்கள் 1988 இலும் 2003 இலுமே வந்தன.

அதே பிரசாவுரிமைச் சட்டத்துள் மற்றொரு முடிச்சும் இருந்தது. வம்சாவழிப் பிரசாவுரிமை தந்தை வழியாகவே வந்தது. இலங்கைப் பெண்ணொருத்தி வெளிநாட்டவரை மணந்து இலங்கையிலேயே பிள்ளை பெற்றாலும் அப்பிள்ளை பிறப்பால் இலங்கைப் பிரசையாகாது. திருமணமின்றிப் பிறந்த பிள்ளைக்கு மட்டும் தாயின் பிரசாவுரிமை கணக்கிலெடுக்கப்பட்டது. சட்டப்படி மணந்த தாய் தன் பிள்ளைக்கு நாட்டைக் கொடுக்க முடியாதவள். மணவாத தாயோ கொடுக்க வல்லவள். ஒழுக்கத்தைப் போற்றுவதாகக் கூறிக்கொண்ட சமுதாயமொன்றின் சட்டம் இவ்வாறு அமைந்தது நகைப்புக்குரியதே. 1978 ஆம் ஆண்டு யாப்பு பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடைசெய்த பின்னரும் இவ்விதி 25 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது. 2003 ஆம் ஆண்டுத் திருத்தமே தந்தை என்னுமிடத்தில் பெற்றோர் என்பதை வைத்தது. அதுவரை அதனைக் காத்து நின்றது 16 ஆம் உறுப்புரையே.

அவ்வுறுப்புரையின் பிறப்பு 1972 இல். அவ்வாண்டு மே 22 ஆந் திகதி பிரகடனஞ் செய்யப்பட்ட குடியரசு யாப்பின் 18 ஆம் பிரிவே இலங்கையில் அடிப்படை உரிமைகளை முதன்முதல் யாப்பு வடிவிற் பொறித்தது. பெண்ணொருவர் பிரதமராக இருந்த காலம். யாப்பை வரைவித்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா இடதுசாரி இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். எனினும் பால் என்னும் சொல் அங்கு ஓரிடத்திலேயே பெண்ணுக்குத் துணையாகத் தோன்றியது: அரச சேவை, உள்ளூராட்சி, கூட்டுத்தாபனங்கள் ஆகியவற்றின் நியமனங்களில் இனம், மதம், சாதி, பால் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்னும் உட்பிரிவு அது. அதன் வாலில் ஒரு காப்புவாசகமும் தொங்கியது. சேவையின் நலன் கருதிக் குறித்த பதவிகளை ஒருபாலாருக்கு மட்டும் ஒதுக்கலாம் என்பதே அது. எவ்வகைப் பதவிகள் ஆண்களுக்கு ஒதுக்கப்படும் என்பதை ஊகிக்கப் பெரும் ஆராய்ச்சி வேண்டியதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, நிலவும் சட்டங்கள் உரிமைகளோடு முரண்பட்டாலும் தொடர்ந்து இயங்கும் என்னும் விதியும் அதே 18 ஆம் பிரிவின் இறுதியில் அமைந்தது.

இவ்விதியைச் சேர்த்ததற்கு ஒரு நியாயம் கூறப்படுவதுண்டு. ஒரே நாளிற் சட்டப் புத்தகம் முழுவதும் ஐயத்துக்குள்ளானால் நிருவாகம் குழம்பும் என்பர். இந்தியாவின் 1950 ஆம் ஆண்டு யாப்போ இதற்கு நேரெதிரான வழியைத் தெரிந்தது; அதன் 13 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்படும் பழைய சட்டங்கள் அம்முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாதவை என்றது. அங்கு நிருவாகம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை. தனியாட் சட்டங்கள் இவ்வுறுப்புரைக்குள் அடங்குமா என்பதில் இந்திய நீதிமன்றங்களும் தயங்கியே வந்துள்ளன என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் வழக்காடுவதற்குக் கதவொன்று அங்கு திறந்திருந்தது. இலங்கையில் அக்கதவுக்கு யாப்பே தாழிட்டது.

1978 ஆம் ஆண்டு யாப்பு உரிமைகளை விரிவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை. நியமனங்களுக்கு மட்டும் என்றிருந்த பாரபட்சத் தடை பொதுவிதியாயிற்று. உரிமை மீறப்பட்டவர் நேரே உயர் நீதிமன்றத்தை நாடும் வழியும் 126 ஆம் உறுப்புரையினால் வகுக்கப்பட்டது. ஆயின் அம்மனு ஒரு மாதத்துள் தாக்கல் செய்யப்படல் வேண்டும். மீறலும் ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்தின் செயலாக இருத்தல் வேண்டும். தனியார் முதலாளி இவ்வலையில் அகப்படுவதில்லை. அதே 1978 இலேயே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது என்பதைப் பலர் இணைத்து நோக்குவதில்லை. கிராமங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கில் இளம்பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஈர்க்கப்பட்ட காலமும், பால் சமத்துவம் யாப்பில் ஏறிய காலமும் ஒன்றே. அவர்களின் வேலைநேரம், கூலி, கர்ப்பகாலத்து வேலைநீக்கம் ஆகியன எவையும் 12 ஆம் உறுப்புரையின் வாசலை எட்டவில்லை; அங்கே எதிராளி அரசு அன்று, கம்பனி.

12 ஆம் உறுப்புரையின் நான்காம் உட்பிரிவு பற்றியும் ஒரு சொல். பெண்கள், பிள்ளைகள், வலதுகுறைந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கென விசேட ஏற்பாடு செய்வதை இவ்வுறுப்புரை தடுக்காது என்று அது கூறும். பயனுள்ள ஏற்பாடுதான். உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிய 2016 ஆம் ஆண்டுச் சட்டம் இதன் நிழலிலேயே நிற்கின்றது. 2018 பெப்ரவரித் தேர்தலின் பின் அம்மன்றங்களிற் பெண்களின் பங்கு 2 வீதத்திற்கும் குறைவாக இருந்த நிலையினின்று 20 வீதத்தைத் தாண்டியது. ஆயினும் நாட்டின் சரிபாதியினரைப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கும் மனப்பாங்கு அவ்வாக்கியத்தில் உறைந்துள்ளது. பெண் அங்கு பாதுகாக்கப்படவேண்டியவள். உரிமையால் நிற்பவள் அல்லள்.

இப்பாதுகாப்பு மனப்பாங்கு எத்துணை ஆழமானது என்பதற்கு 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று சான்று. பெண்களுக்கு மதுபானம் விற்பதை அது தடைசெய்தது. யாப்புக்குப் பின்னர் வந்ததாகையால் 16 ஆம் உறுப்புரையின் கவசமும் இதற்கில்லை. எனினும் நாற்பதாண்டளவாக எவரும் அதனைத் தொடவில்லை. 2018 சனவரியில் நிதியமைச்சர் தடையை நீக்கியதும் சில நாட்களுள் சனாதிபதி அதனை மீளக் கொணரப் பணித்தார். மது அருந்தும் உரிமையே பெண்விடுதலை என்று எவரும் வாதிடவில்லை. யாப்பின் தெளிவான சொற்களைக் காட்டிலும் ஒழுக்கக் காவலின் குரல் வலிது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

இனி, 16 ஆம் உறுப்புரை காத்து நின்ற பழஞ் சட்டங்களை நோக்குவோம். அவை பல. மூத்த ஆண்மகனுக்கே குடியேற்றக் காணியின் வாரிசுரிமையில் முதலிடம் அளித்த 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022 இலேயே திருத்தப்பட்டது. கண்டியச் சட்டத்தில் தீக முறைப்படி மணந்து சென்ற மகள் தந்தையின் பரவணிக் காணியில் உரிமையிழந்தாள். 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளுக்குக் குறைந்தபட்ச வயதை விதிக்கவில்லை. காதியாராக ஆண்களே நியமிக்கப்படலாம் என்றது. 1995 இல் ஏனையோரின் திருமண வயது 18 ஆக உயர்த்தப்பட்டபோதும் முஸ்லிம் சிறுமியர் அத்திருத்தத்துக்குப் புறம்பாயினர். இச்சட்டத்தை ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையைக் கையளிக்க 2018 வரை சென்றது. அப்பொழுதும் உறுப்பினர் இருகூறாகவே நின்றனர். இவ்விடயத்திற் பிற சமூகத்தார் உபதேசஞ் செய்வதைக் காட்டிலும், முஸ்லிம் பெண்கள் தாமே எழுப்பிவந்த குரலைச் செவிமடுப்பது பொருத்தமானது. 2016 இல் யாப்புச் சீர்திருத்தம் பற்றிய மக்கள் கருத்தறியும் குழுவின் முன் 16 ஆம் உறுப்புரையை நீக்குமாறு கோரியோருள் அவர்களும் இருந்தனர்.

நாம் உபதேசஞ் செய்யத் தகுதியற்றவர் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. நமது வீட்டிலேயே தேசவழமை இருக்கின்றது.

தேசவழமையைத் தமிழரின் தொன்மைச் சின்னமாகப் போற்றுவது நம் மரபு. ஒல்லாந்த ஆளுநர் சீமோன்சின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை 1707 இல் அதனைத் தொகுத்தளித்தார். பன்னிரு முதலிமார் அதனைப் பார்வையிட்டுச் சரியென உறுதிப்படுத்தினர். பன்னிருவரும் ஆண்கள். சீதனம் என்பது பெண்வழிச் சொத்து. தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. அச்சொத்தின் வழமையைக் கூற ஒரு தாயையேனும் அழைத்து வினவியதாகச் செய்தியில்லை. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் ஆங்கிலேயர் அத்தொகுப்பைச் சட்டமாக்கினர்.

முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்துகளுள், பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கும் இவ்வழமை தென்னாசியாவின் பல பகுதிகளிற் காணப்படாத ஒரு பலத்தை யாழ்ப்பாணப் பெண்ணுக்கு அளித்தது என்பது மெய்யே. உறுதி அவள் பெயரில் இருந்தது. வீடும் வளவும் அவளுடையன. ஆயினும் உறுதியில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி மணமான பெண் தன் தனிச்சொத்தான காணியை விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடையாக அளிக்கவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். கன்னியாக இருந்தவரை அக்கட்டுப்பாடு அவளுக்கில்லை, கைம்பெண்ணானபின்னும் இல்லை. மரணசாதனத்தால் எவருக்கும் எழுதிவைக்கவும் சம்மதம் வேண்டியதில்லை. தான் இறந்தபின் நிகழவேண்டியதைத் தானே தீர்மானிக்கும் அறிவு அவளுக்கு உண்டென ஒப்புக்கொண்ட சட்டம், உயிரோடிருக்கும்போது செய்யவேண்டியதற்கு மட்டும் அவ்வறிவு போதாது என்றது.

இக்கட்டுப்பாடு நம் முன்னோரின் வழமை, அதில் கைவைப்பது இனத்தின் தனித்துவத்தில் கைவைப்பது என்று வாதிடுவோர் உளர். 1707 ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் கணவனின் விருப்புக்கு உட்பட்டவளாகவே மனைவி கருதப்பட்டாள் என்பது உண்மையே. ஆயினும் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் வேறோரிடத்திலிருந்து வந்தது. பொதுச் சட்டத்துக்குட்பட்ட கரைநாட்டுப் பெண்களுக்கென 1876 இல் இயற்றப்பட்ட 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இதே விதி, காணியை உயிரோடிருக்கையிற் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம், மரணசாதனத்துக்கு அது வேண்டாம் என்னும் வேறுபாட்டுடன் அவ்வாறே அமைந்திருந்தது. அதாவது, பன்னிரு முதலிமாரின் வாய்மொழியைக் காட்டிலும் குடியேற்றநாட்டுச் சட்டவரைஞரின் பேனாவே இதிற் தெளிவாகத் தெரிகின்றது. 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டம் கரைநாட்டுப் பெண்களை அக்கட்டினின்றும் விடுவித்தது. கண்டியரும் முஸ்லிம்களும் தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழரும் அச்சட்டத்துக்கு விலக்காயினர். விக்ரோறியா மகாராணியார் காலத்து விதியொன்றை அதன் சொந்தக்காரர் எறிந்துவிட்ட பின்னர் நாம் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குத் தமிழ்ப் பண்பாடு என்று பெயரிட்டோம்.

தமிழ் அரசியல் இயக்கம் தன் நீண்ட போராட்டத்தில் 29 ஆம் பிரிவையும் மொழியுரிமையையும் காணியுரிமையையும் பற்றி எழுதிக் குவித்தது. அவை எழுதப்படவேண்டியவையே. பெரும்பான்மையினரின் பாராளுமன்றம் சிறுபான்மையினரின் வழமையை மாற்ற முற்படுமாயின் ஐயுறவு எழுவது இயல்பு. 1948 முதல் நிகழ்ந்தவற்றை அறிந்த எவரும் அவ்வையத்தைப் பழிக்கமாட்டார். ஆயின் வெளியார் மாற்றலாகாது என்றால் உள்ளேயிருந்து மாற்றும் கடமை நமக்குண்டு. அக்கடமையைப் பற்றி நம் தலைவர்கள் எழுதியது சில பக்கங்களே. தேசவழமைச் சட்டத்துக்கு 1947 இற் கொண்டுவரப்பட்ட திருத்தம் தேடியதேட்டத்தின் வரைவிலக்கணத்தைச் சீர்செய்தது. கணவனின் சம்மதம் அப்படியே இருந்தது. 1972 இலும் 1978 இலும் இவ்விரு யாப்புகளையும் பல காரணங்களுக்காக நிராகரித்த தமிழ்க் கட்சிகள், 18 ஆம் பிரிவின் அல்லது 16 ஆம் உறுப்புரையின் இந்தக் காப்பினை நிராகரிப்பதற்குரிய காரணங்களுள் ஒன்றாக முன்வைக்கவில்லை.

யாப்பின் உதவியின்றியே பெண்கள் வென்றவை உண்டு. தோட்டத்துறையில் ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பது சம்பளச் சபைகளின் தீர்மானங்களால் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. அதனை முடித்தது 12 ஆம் உறுப்புரையின்கீழ் வந்த தீர்ப்பொன்றன்று. 1984 ஆம் ஆண்டின் வேலைநிறுத்தமே. சட்டத்தில் உரிமை இருந்தது. அதனை நடைமுறையாக்கியவை கொழுந்துக் கூடைகளைக் கீழே வைத்த கைகள்.

1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு ஒரு வழிவிட்டிருந்தது. கணவன் கைவிட்டுச் சென்றவிடத்தும், அவனிருக்கும் இடம் தெரியாதவிடத்தும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தவிடத்தும் மனைவி மாவட்ட நீதிமன்றத்தை அணுகி, அவனது சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். ஆடவர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தொழில் தேடிச் சென்று கடிதம் நின்றுபோன காலத்துக்கு அது ஏற்ற ஏற்பாடாக இருந்திருக்கலாம். 2009 இற் போர் முடிந்தபொழுது வடக்கில் அவ்வேற்பாடு எதிர்கொண்ட நிலைமை வேறு. கணவனைக் கையளித்துவிட்டோ பறிகொடுத்துவிட்டோ நின்ற பெண்கள் பலரிடம் எஞ்சியிருந்தது தாய் கொடுத்த சீதனக் காணி ஒன்றுதான். பிள்ளையின் படிப்புக்கோ கடனுக்கோ அதில் ஒரு துண்டை விற்க அவர்கள் நொத்தாரிசிடம் சென்றபொழுது, கணவனின் கையொப்பம் எங்கே என்னும் கேள்வி எழுந்தது. இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டால் சட்டப்படி அவள் கைம்பெண். சம்மதம் எதுவும் வேண்டியதில்லை. 2010 இல் அதற்கென இலகு வழியொன்றையும் அரசு சட்டமாக்கிற்று. ஆனால் அவர் எங்கே என்று பதாகை ஏந்தித் தெருவில் அமர்ந்திருக்கும் பெண் அச்சான்றிதழை வாங்குவதெப்படி? வாங்க மறுத்தமையால் அவள் இன்னும் மனைவி. மனைவியாகையால், இருக்குமிடம் தெரியாத ஒருவரின் சம்மதத்துக்காக, தன் தாயின் காணியைத் தான் விற்கலாமா என்று நீதிமன்றத்திடம் கேட்டு நின்றாள்.